அமெரிக்கப் புறநோயாளர் மையத்தில் சிகிச்சைக் குறிப்பும் பில்லிங் குறியீடும்: புதிதாகச் சேரும் தெரபிஸ்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பிசியோதெரபி படித்து, சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றிய பின், அமெரிக்காவில் உரிமத் தேர்வெழுதிப் புறநோயாளர் மையமொன்றில் சேர்ந்த எனக்கு, நோயாளிகளைவிட அவர்களைப் பற்றி எழுத வேண்டிய குறிப்புகளே அதிகத் தொல்லை கொடுத்தன. நம் ஊரில் புறநோயாளர் அட்டையில் 'எஸ்.டபிள்யூ.டி., ஐ.எஃப்.டி., பயிற்சிகள் தரப்பட்டன' (முதலிரண்டும் வெப்ப, மின் சிகிச்சைகள்) என்று ஒரு வரி எழுதினால் அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும். அதே பழக்கத்தில் இங்கும் எல்லாச் சிகிச்சைக்கும் '15 நிமிடம்' என்று எழுதிக்கொண்டே போனேன். சில மாதங்கள் கழித்து ஒரு காப்பீட்டு நிறுவனம் குறிப்புகளை வரவழைத்துப் பார்த்தது. எந்த நோயாளிக்கும் 14 நிமிடமோ 17 நிமிடமோ ஆனதேயில்லையா என்று கேட்டு, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றை நீங்கள் வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

கீழே உள்ள விதிகள், பெரும்பாலும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில், புறநோயாளர் சிகிச்சைக்கான பார்ட் பி திட்டத்துக்கு உரியவை. தனியார் காப்பீடுகள் பெரும்பாலும் இவற்றையொட்டியே நடக்கின்றன. முக்கியமாக வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன். பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்றும் சிகிச்சை) விதிகள் ஏறக்குறைய ஒன்றே.

1. நோயாளியைத் தொடும் முன் முடிக்க வேண்டிய பதிவுகள்

முதலில் என்.பி.ஐ. எண், அதாவது சிகிச்சை தருவோருக்கான தேசிய அடையாள எண். இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், கட்டணம் கிடையாது. இரண்டாவது, பெக்கோஸ் தளம் வழியாக மெடிகேரில் பதிவு. தனிநபர் தெரபிஸ்டுக்கு இதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. மூன்றாவது, தனியார் காப்பீடுகள் உங்கள் சான்றுகளைப் பார்த்துக்கொள்ளும் சி.ஏ.க்யூ.எச். தளம். இதில் விவரங்கள் சரியென்று 120 நாட்களுக்கு ஒருமுறை உறுதிசெய்யாவிட்டால் கணக்கு காலாவதியாகும். அது தெரியாமலேயே கிளெய்ம்கள் (காப்பீட்டிடம் பணம் கேட்டு அனுப்பும் பில்கள்) திரும்பி வரத் தொடங்கும். காப்பீட்டு நிறுவனங்களின் ஒப்புதல் வந்துசேர மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம் என்பதால், வேலைக்கான உறுதிக் கடிதம் கையில் கிடைத்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

மருத்துவர்கள் மெடிகேரை விட்டு விலகிக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்டுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும் அந்த உரிமை இல்லை. 'பதிவு வரும்வரை மெடிகேர் நோயாளியிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வோம்' என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு அப்படி வாங்குவது விதிமீறல்.

2. நோயாளி வரும் முன் காப்பீட்டைச் சரிபார்த்தல்

மெடிகேர் பார்ட் பி நோயாளி ஆண்டுக்கான தொடக்கத் தொகையை (2025இல் 257 டாலர், 2026இல் 283 டாலர்) தாமே செலுத்திய பிறகு, ஒவ்வொரு வருகைக்கும் 20 விழுக்காடு கட்ட வேண்டும். வயதானவர், கஷ்டப்படுகிறார் என்று இரக்கப்பட்டு அந்த 20 விழுக்காட்டை வழக்கமாகத் தள்ளுபடி செய்வது இங்கே மோசடிச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம். நம் ஊர்ப் பழக்கத்தில் வந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள், நானும் நம்பவில்லை.

நோயாளி மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருந்தால், அதை நடத்துவது தனியார் நிறுவனம். அங்கே முன் அனுமதி தேவைப்படலாம். அனுமதி எண், அனுமதிக்கப்பட்ட வருகைகளின் எண்ணிக்கை, முடியும் தேதி ஆகிய மூன்றையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

3. முதல் மதிப்பீடும் அதன் குறியீடும்

பிசியோதெரபி மதிப்பீட்டுக்கு 97161, 97162, 97163 என மூன்று குறியீடுகள். எளியது, நடுத்தரம், கடினம் என்ற வரிசையில். ஆக்குபேஷனல் தெரபிக்கு 97165, 97166, 97167. மறுமதிப்பீட்டுக்கு முறையே 97164, 97168. எத்தனை நிமிடம் செலவிட்டீர்கள் என்பது இந்தத் தேர்வைத் தீர்மானிப்பதில்லை. பிசியோதெரபியில் நான்கு கூறுகளைப் பார்க்கிறார்கள்: சிகிச்சையைப் பாதிக்கும் பிற நோய்களும் தனிப்பட்ட காரணங்களும், பரிசோதித்த உடற்கூறுகளின் எண்ணிக்கை, நோய்நிலை நிலையானதா மாறிக்கொண்டிருப்பதா என்பது, முடிவெடுப்பதன் சிக்கல். நான்கில் மிகத் தாழ்ந்து நிற்கும் கூறுதான் குறியீட்டைத் தீர்மானிக்கும். நோயாளிக்குச் சர்க்கரை நோய், இதய நோய், மனச்சோர்வு மூன்றும் இருந்தாலும், நோய்நிலை மாற்றமின்றி இருந்தால் 97161தான்.

மெடிகேர் இந்த மூன்று நிலைகளுக்கும் ஒரே தொகையைத்தான் தருகிறது. உயர்ந்த குறியீட்டைப் போட்டு ஒரு லாபமும் இல்லை. குறிப்பு அதைத் தாங்கவில்லையென்றால் கேள்விதான் வரும்.

மதிப்பீட்டில் எண்கள் இருக்கட்டும். 'நடையில் தடுமாற்றம் உண்டு' என்பதைவிட, 'டி.யு.ஜி. சோதனை 18 விநாடி' (நாற்காலியிலிருந்து எழுந்து, சிறிது தூரம் நடந்து, திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம்) என்பது மேல், ஏனெனில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்பது படிப்பவருக்கும் தெரியும். காலுக்கு எல்.இ.எஃப்.எஸ்., கைக்குக் குவிக்டேஷ், முதுகுக்கு ஆஸ்வெஸ்ட்ரி போன்ற கேள்வித்தாள்களில் ஒன்றை முதல் நாளே நிரப்பி வாங்கிவிடுங்கள். முதல் நாள் எண் இல்லாமல், பிற்பாடு வரும் முன்னேற்றத்தை எதனோடும் ஒப்பிட முடியாது.

4. நோய்க் குறியீடு

மருத்துவர் அனுப்பிய குறியீட்டை மட்டும் நகலெடுத்துப் போடாதீர்கள். நீங்கள் எதற்குச் சிகிச்சை தருகிறீர்களோ அதற்கும் குறியீடு வேண்டும். வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து வந்தவருக்கு இசட்47.1, இசட்96.651 ஆகியவற்றோடு, முழங்கால் இறுக்கத்துக்கு எம்25.661, நடைக் கோளாறுக்கு ஆர்26.89 என்று சேர்த்தால்தான் நடைப்பயிற்சி எதற்காகத் தரப்பட்டது என்று கிளெய்மைப் பார்ப்பவருக்குப் புரியும். இடம் வலம் மாறினால் கிளெய்ம் அப்படியே திரும்பிவிடும். காயங்களுக்கான எஸ் வரிசைக் குறியீடுகளில் ஏழாவது இடத்தில், குணமாகும் கட்டத்துக்குரிய 'டி' எழுத்துதான் பெரும்பாலும் நமக்கு உரியது. பட்டியல் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறும். எம்54.5 என்ற பழைய முதுகுவலிக் குறியீடு 2021 அக்டோபரிலேயே நீக்கப்பட்டு எம்54.50 முதலியவை வந்துவிட்டன. ஆனாலும் பழைய படிவங்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

5. சிகிச்சைத் திட்டமும் மருத்துவர் கையொப்பமும்

திட்டத்தில் நோயறிதல், நீண்டகால இலக்குகள், சிகிச்சையின் வகை, அளவு, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம் ஆகியவை இருந்தாக வேண்டும். இலக்கை அன்றாட வாழ்வோடு கட்டுங்கள். 'முழங்கால் மடிப்பு 85 டிகிரியிலிருந்து 115 டிகிரியாக வேண்டும்' என்பதோடு நிறுத்தாமல், 'படுக்கையறைக்குச் செல்லும் 14 படிகளை ஒரு கைப்பிடியுடன், படிக்கு ஒரு காலாக, 6 வாரங்களில் ஏற வேண்டும்' என்று முடியுங்கள். ஆக்குபேஷனல் தெரபியில் சட்டைப் பொத்தான், தலை வாருதல், கார் இருக்கைப் பட்டை என்று பொருளின் பெயரையே எழுதலாம்.

மெடிகேருக்குப் பரிந்துரைச் சீட்டு கட்டாயமில்லை என்றாலும், சிகிச்சைத் திட்டத்தை ஒரு மருத்துவரோ அவருக்கு இணையான தகுதியுடையவரோ 30 நாட்களுக்குள் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று, திட்டத்தில் எழுதிய கால அளவு அல்லது 90 நாட்கள், இவற்றில் எது குறைவோ அதுவரைதான் செல்லும். 'வாரம் இருமுறை, 4 வாரம்' என்று எழுதிவிட்டு 90 நாள் இருக்கிறது என்று நினைத்து ஐந்தாம் வாரமும் சிகிச்சை தருவதுதான் நான் அதிகமாகப் பார்த்த தவறு. மருத்துவரின் ரப்பர் முத்திரைக் கையொப்பமும் செல்லாது; தேதி இல்லாத கையொப்பமும் பிரச்சினைதான்.

2025 ஜனவரி முதல் ஒரு சலுகை உண்டு. மருத்துவர் கையொப்பமும் தேதியும் இட்ட பரிந்துரை கோப்பில் இருந்து, மதிப்பீட்டிலிருந்து 30 நாட்களுக்குள் திட்டத்தை அவருக்கு அனுப்பியதற்கான சான்றும் இருந்தால், முதல் சான்றளிப்புக்குத் தனிக் கையொப்பம் தேவையில்லை. ஃபேக்ஸ் சென்றதற்கான ஒப்புதல் தாளைக் குப்பையில் போடாதீர்கள், அதுதான் அந்தச் சான்று. 90 நாள் கழித்து வரும் மறுசான்றளிப்புக்கு இந்தச் சலுகை இல்லை.

6. தினக் குறிப்பு

ஒவ்வொரு வருகைக்கும் கட்டாயமாக வேண்டியவை சிலவே: தேதி, தந்த ஒவ்வொரு சிகிச்சையின் பெயர், நேரக் குறியீடுகளுக்கு (நிமிடத்தைக் கணக்கிட்டுப் பணம் தரப்படுபவை) உரிய மொத்த நிமிடம், எல்லாம் சேர்த்த மொத்தச் சிகிச்சை நேரம், உங்கள் கையொப்பம், தகுதி. இவை இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் வராது.

ஆனால் இவை மட்டும் இருந்தாலும் போதாது. இந்தச் சிகிச்சைக்கு ஒரு தெரபிஸ்ட் எதற்கு, வீட்டிலேயே செய்துகொள்ளக் கூடாதா என்பதுதான் குறிப்பைப் பரிசீலிப்பவர் மனத்தில் எழும் கேள்வி. நோயாளியை ஒருபோதும் பார்த்திராத அந்த மனிதருக்கு உங்கள் குறிப்பு பதில் சொல்ல வேண்டும். 'நோயாளி சிகிச்சையை நன்கு தாங்கினார், திட்டப்படி தொடர்க' என்ற வாக்கியம் அமெரிக்கா முழுவதும் எழுதப்படுகிறது. அதில் பதில் ஏதும் இல்லை. 'படி இறங்கும்போது வலது முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தது. இடுப்புப் பக்கத் தசையைத் தொட்டு உணர்த்தி, படியின் உயரத்தை 20 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.யாகக் குறைத்தபின் பத்தில் எட்டு முறை சரியாக இறங்கினார்' என்று எழுதினால், அங்கே தேர்ந்த ஒருவர் இருந்தார் என்பது தெரிந்துவிடுகிறது. எதைக் கவனித்தீர்கள், அதனால் எதை மாற்றினீர்கள், என்ன விளைந்தது என்ற மூன்றும் ஒவ்வொரு நாளும் ஒரு சிகிச்சைக்காவது இருக்கட்டும்.

மென்பொருளில் நேற்றைய குறிப்பை இன்றைக்கு இழுத்துப் போடும் பொத்தான் இருக்கும். அது மிக வசதியானது. மிக ஆபத்தானதும் அதுவே. வலி அளவு ஆறு வாரமும் 6/10 என்றே இருந்தால், ஒன்று சிகிச்சை பலிக்கவில்லை, அல்லது நீங்கள் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் பணம் நிற்கும்.

ஒரே செயலுக்கு எந்தக் குறியீடு என்பது நோக்கத்தைப் பொறுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தொடைத் தசையின் வலுவுக்காகச் செய்வித்தால் 97110. சமநிலைக்கும் உடல் தன் நிலையை உணர்வதற்கும் செய்வித்தால் 97112. கழிப்பறை இருக்கையிலிருந்து எழுவதற்காகச் செய்வித்தால் 97530. எனவே பயிற்சியின் பெயருக்கு அருகிலேயே நோக்கத்தையும் எழுதுங்கள். கைமுறைச் சிகிச்சை 97140, நடைப்பயிற்சி 97116, உடுத்தல் குளித்தல் முதலான சுயபராமரிப்புப் பயிற்சி 97535.

ஒத்தடம் 97010க்கு மெடிகேர் தனியாகப் பணம் தராது. அருகில் நின்று கவனிக்கத் தேவையில்லாத மின் தூண்டலுக்குப் பல தனியார் காப்பீடுகளில் 97014. மெடிகேரில் அதே வேலைக்கு ஜி0283.

7. நிமிடங்களை யூனிட்டாக்குதல்

மேலே சொன்ன 97110 முதலியவை நேரக் குறியீடுகள், ஒரு யூனிட் (பணம் கணக்கிடும் அலகு) 15 நிமிடம். மதிப்பீடு, குழுச் சிகிச்சை (97150), இயந்திர இழுவை (97012) முதலியவை நேரமற்றவை; எவ்வளவு நேரம் ஆனாலும் ஒரே யூனிட்.

மெடிகேரில் அன்றைய நேரக் குறியீடுகள் எல்லாவற்றின் நிமிடங்களையும் முதலில் கூட்ட வேண்டும். மொத்தம் 8 முதல் 22 நிமிடம்வரை 1 யூனிட், 23 முதல் 37வரை 2, 38 முதல் 52வரை 3, 53 முதல் 67வரை 4. எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. தனியார் காப்பீடுகளில் பல, கூட்டாமல், ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே பார்க்கின்றன. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு கணக்குகள்.

97110க்கு 20 நிமிடமும் 97140க்கு 18 நிமிடமும் செலவிட்டால் மொத்தம் 38. மெடிகேரில் 3 யூனிட்: இரண்டிலும் முழு 15 நிமிடத்துக்கு ஒவ்வொன்று, மீதமுள்ள 5 நிமிடமும் 3 நிமிடமும் சேர்ந்த எட்டுக்கு இன்னொன்று. அந்த மூன்றாவது யூனிட் மீதம் அதிகமுள்ள 97110க்குச் செல்லும். தனித்தனியே பார்க்கும் காப்பீட்டில் 2 யூனிட் மட்டுமே. இப்போது 97112, 97110, 97530 மூன்றுக்கும் எட்டெட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெடிகேரில் மொத்தம் 24, ஆகவே 2 யூனிட். தனித்தனியே பார்ப்பவரிடம் 3 யூனிட். எந்தக் காப்பீடு எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை உங்கள் மையத்தின் பில்லிங் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி, நேரமற்ற நிமிடத்தை நேரக் கணக்கில் சேர்ப்பது. மதிப்பீட்டுக்கு 32 நிமிடமும் பயிற்சிக்கு 10 நிமிடமும் ஆனால், நேரக் குறியீட்டு நிமிடம் 10, மொத்த நேரம் 42. பில்லில் மதிப்பீடு ஒன்று, 97110 ஒரு யூனிட். நாற்பத்திரண்டை வைத்து 3 யூனிட் போடக் கூடாது.

இரண்டாவது குழி, ஒரே நேரத்தில் பல நோயாளிகள். நம் ஊர்த் துறையில் ஒருவர் மெஷினில் இருக்கும்போது இன்னொருவருக்குப் பயிற்சி, மூன்றாமவருக்குக் கட்டு என்று ஓடிப் பழகியிருப்போம். மெடிகேர் பார்ட் பியில் ஒரு நிமிடம் ஒரே நோயாளிக்குத்தான் உரியது. இருவரிடம் மாறி மாறிச் சென்றால், ஒவ்வொருவருடனும் நேருக்கு நேர் செலவிட்ட நிமிடங்களை மட்டும் தனித்தனியே கூட்டி எழுதலாம். அவை தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. இருவரையும் ஒருசேரக் கவனித்த நேரம் 97150தான். உதவியாளராக நிற்கும் எய்ட் செய்வித்த பயிற்சிக்குப் பணம் கேட்கவே கூடாது. நான் செய்வது சட்டைப்பையில் ஒரு சிறு தாள் வைத்து, தொடங்கிய மணியையும் முடித்த மணியையும் அப்போதே குறித்துக்கொள்வது. மாலையில் நினைவிலிருந்து எழுதும்போதுதான் எல்லாம் 15 ஆகிவிடுகிறது.

8. குறியீட்டுக்குப் பின்னால் ஒட்டும் மாடிஃபையர்கள்

பிசியோதெரபித் திட்டத்தின் கீழ் தந்தது என்றால் ஜி.பி., ஆக்குபேஷனல் தெரபி என்றால் ஜி.ஓ. இவை இல்லாத வரி திரும்பி வரும். உரிமம் பெற்ற துணைத் தெரபிஸ்ட் அந்தச் சேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமே செய்திருந்தால் முறையே சி.க்யூ., சி.ஓ. சேர்க்க வேண்டும், 2022 முதல் அதற்கு 85 விழுக்காடே கிடைக்கிறது.

59 என்ற மாடிஃபையர், சேர்ந்து வரக்கூடாதென்று பட்டியலிடப்பட்ட இரு குறியீடுகள் அன்று வெவ்வேறு 15 நிமிடங்களில் தரப்பட்டவை என்பதற்கு அடையாளம். 97140உம் 97530உம் அடிக்கடி சிக்கும் இணை. பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை மாறும். நிமிடங்கள் தனித்தனியாகக் குறிப்பில் இல்லாமல் பழக்கத்துக்காக 59 போடுவது, தணிக்கையாளரைக் கைதட்டிக் கூப்பிடுவது போன்றது.

ஒரே நாளில் பல குறியீடுகள் இருந்தால், மையத்தை நடத்தும் செலவுக்கான கூறு மிக அதிகமுள்ள யூனிட்டுக்கு மட்டும் முழுத் தொகையும், மற்றவற்றுக்கு அந்தச் செலவுக் கூறை மட்டும் பாதியாகக் குறைத்தும் தருவார்கள். பணம் குறைந்து வந்தால் உங்கள் தவறென்று பதறாதீர்கள்.

9. பத்தாம் நாள் முன்னேற்ற அறிக்கை

ஒவ்வொரு 10 சிகிச்சை நாட்களுக்குள்ளும் ஓர் அறிக்கை வேண்டும். நாட்காட்டி நாட்கள் அல்ல, வருகை நாட்கள். மதிப்பீட்டு நாளும் கணக்கில் சேரும். இதைத் தெரபிஸ்டே எழுத வேண்டும், துணைத் தெரபிஸ்ட் எழுதியது செல்லாது. இதற்குத் தனிப் பணமும் கிடையாது. அறிக்கை எழுதிய நாளிலெல்லாம் 97164 போடுவது தவறு. எதிர்பாராத மாற்றமோ புதிய கண்டுபிடிப்போ இருந்தால்தான் மறுமதிப்பீடு.

முதல் நாள் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்.இ.எஃப்.எஸ். 80க்கு 31 இருந்தது 43 ஆகியிருந்தால், குறைந்தது 9 புள்ளி மாறினால்தான் உண்மையான முன்னேற்றம் என்ற அளவுகோலைத் தாண்டியிருக்கிறது என்று எழுதலாம். பார்க்கின்சன் நோயாளி போன்றவரிடம் எண் ஏறாமலே இருக்கலாம். முன்னேற்றமில்லை என்ற ஒரே காரணத்துக்காக மெடிகேர் பணத்தை மறுக்கக் கூடாது, தேர்ந்த சிகிச்சை தேவையா என்பதே கேள்வி என்று 2013இல் ஜிம்மோ வழக்கின் உடன்பாடு தெளிவுபடுத்தியிருக்கிறது. அங்கே, தெரபிஸ்ட் இல்லாமல் அந்த நிலையைப் பாதுகாப்பாகத் தக்கவைக்க ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

10. தொகை வரம்பைத் தாண்டும்போது

ஒரு நோயாளியின் தெரபிக்கு மெடிகேர் வைக்கும் ஆண்டு வரம்பு 2025இல் 2,410 டாலர், 2026இல் 2,480 டாலர். பிசியோதெரபிக்கும் பேச்சு சிகிச்சைக்கும் சேர்த்து ஒரு வரம்பு, ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனி வரம்பு. தாண்டிய பிறகும் சிகிச்சை மருத்துவ ரீதியில் அவசியமென்றால் ஒவ்வொரு வரியிலும் கே.எக்ஸ். என்ற மாடிஃபையரைச் சேர்க்க வேண்டும். கே.எக்ஸ். போடுவது, அவசியத்துக்கான ஆதாரம் கோப்பில் இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்திடுவதற்குச் சமம். 3,000 டாலரைத் தாண்டியவை தனிப் பரிசீலனைக்கு எடுக்கப்படலாம். நோயாளி அந்த ஆண்டில் வேறு மையத்தில் செலவழித்ததும் இதில் அடங்கும் என்பதால் முதல் நாளே கேட்டு, இணையத்திலும் பாருங்கள்.

அவசியம் முடிந்துவிட்டது, ஆனாலும் நோயாளி தொடர விரும்புகிறார் என்றால், சிகிச்சைக்கு முன்பே ஏ.பி.என். படிவத்தில் (மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்று நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது) காரணத்தையும் உத்தேசச் செலவையும் எழுதிக் கையொப்பம் வாங்கி, கிளெய்மில் ஜி.ஏ. சேர்க்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் வாங்கிய படிவத்துக்கு மதிப்பில்லை. அந்தப் பணம் உங்கள் மையத்தின் நஷ்டம். எல்லா நோயாளிகளிடமும் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைப்பதும் செல்லாது.

11. கிளெய்ம் அனுப்பிய பின்

மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கிளெய்ம் சேர வேண்டும். தனியார் நிறுவனங்களில் 90 நாள் மட்டும் தருபவையும் உண்டு. கிளெய்ம் மறுக்கப்பட்டால் மெடிகேரில் முதல் மேல்முறையீட்டுக்கு 120 நாள்.

கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் பதிலுக்கு 45 நாள். கடிதம் பெரும்பாலும் மையத்தின் பழைய முகவரிக்கோ, யாரும் திறக்காத ஃபேக்ஸ் பெட்டிக்கோதான் வரும். பெக்கோஸில் உள்ள முகவரி சரிதானா என்று இன்றே பாருங்கள். கேட்கப்பட்ட நாட்களின் தினக் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதாது. அந்தக் காலத்துக்குரிய மதிப்பீடு, சான்றளிக்கப்பட்ட திட்டம் அல்லது பரிந்துரையும் அனுப்பிய சான்றும், முன்னேற்ற அறிக்கைகள், கையொப்பம் புரியவில்லையென்றால் கையொப்ப உறுதிமொழி ஆகியவற்றையும் சேருங்கள். விட்டுப்போன ஒன்றை இப்போது எழுத வேண்டியிருந்தால், இன்றைய தேதியிட்டு, தாமதப் பதிவு என்று குறிப்பிட்டு எழுதலாம். பழைய தேதியில் நுழைக்காதீர்கள், மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தின் நேரத்தையும் பதிந்து வைத்திருக்கிறது. அனுப்பிய முழுக் கட்டின் நகலையும் அது சென்றுசேர்ந்ததற்கான ரசீதையும் ஒரே கோப்பில் போட்டு, 45ஆம் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டு, பேசியவரின் பெயரையும் அழைப்பு எண்ணையும் அதன் மேல் எழுதி வையுங்கள்.